நீ அளந்தது சரியாகத்தான் இருந்தது

கண்ணா,

நம் வீட்டு வாசலில் நிற்கும் உன் காரவனுக்குள், கார் இழுத்துப்போகிற இந்த வீட்டு வண்டிக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீ நித்யாவையும் குழந்தை இனியாவையும் கூட்டிக்கொண்டு ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தைக்குப் போயிருக்கிறாய். தெற்குத் தீவில் கறிவேப்பிலை கிடைக்குமோ கிடைக்காதோ என்று உன் மனைவி நேற்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தாள். அம்மா கோயிலுக்குப் போய்விட்டாள். வெளியே தூறல். பிளாட் புஷ்ஷின் புது வீடுகளெல்லாம் மூடுபனியில் பாதி கரைந்து நிற்கின்றன. கூரைமேல் மழை விழுகிற சத்தத்தில், இந்த மடக்கு மேசையில் தலைவைத்துக் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது வண்டி ஓடிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. எந்த ஊர் வந்திருக்கிறது என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். நம் வீட்டுக் குப்பைத்தொட்டிதான் நின்றிருந்தது.

புதன்கிழமை காலையில் நீங்கள் தெற்குத் தீவின் டனீடினுக்குக் குடிபெயர்ந்து கிளம்புகிறீர்கள். அங்கே வீடு கிடைக்கும்வரை இந்தக் காரவன்தான் வீடு. அதற்குள் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நேற்று மூன்று முறை சொல்ல வாயெடுத்தேன். மூன்று முறையும் ஸ்பானர் எங்கே என்று கேட்டு வைத்தேன். உனக்கு என்னைத் தெரியும். அறிவுரை சொல்லவும் குறை சொல்லவும் மட்டுமே பழகிய வாய் இது. அதனால் எழுதுகிறேன். ஏழு வயதில் இந்த நாட்டுக்கு வந்த நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். ஒரு பக்கம் முடிவதற்குள் பொறுமை போய் நித்யாவிடம் கொடுத்துவிடுவாய், அவள் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். படிக்கட்டும். இனியா பெரியவளானதும் அவளுக்கும் இதைக் காட்டுங்கள். யாரிடமிருந்தும் மறைக்க இதில் ஒன்றும் இல்லை, இத்தனை நாள் மறைத்ததே போதும்.

நேற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். காருக்கும் காரவனுக்கும் நடுவே அந்த ஹிட்ச்சை, இழுவை இணைப்பை, மாட்டிப் பார்க்க வேண்டும், கூட நில்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டாய். நான் வெறுமனே நின்றேன், எல்லாவற்றையும் நீதான் செய்தாய். காரவனின் மூக்கு, அதாவது முன்முனை, காரின் பின்பக்கத்தை அழுத்தினால் காரின் முன்பக்கம் எழும்பிவிடும். முன் சக்கரங்களுக்குத் தரையில் பிடிப்பு குறையும், ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. இரண்டு பக்கமும் நீண்டிருக்கிற அந்தக் கம்பிகளைச் சங்கிலியால் இழுத்து மாட்டினால், பின்னால் இறங்கிய பாரத்தில் ஒரு பங்கு முன் சக்கரங்களுக்கும் ஒரு பங்கு காரவனின் சக்கரங்களுக்கும் போய்ச் சேரும். இதையெல்லாம் எனக்கே விளக்கினாய். பாட்டனி டவுன்ஸ் கடையில் இருபது வருஷம் இதே சாமான்களை விற்றவன் நான், ஆனாலும் புதிதாகக் கேட்பவன்போல் தலையாட்டினேன். காரவனை மாட்டுவதற்கு முன்னால் காரின் முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டு வளைவின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்தாய். மாட்டிய பிறகு அளந்தபோது மூன்று விரற்கடை ஏறியிருந்தது. காரவனின் மூக்கைத் தாங்கும் ஜாக்கி வீலைச் சுற்றி, காரின் பின்பக்கத்தையும் சேர்த்தே தூக்கி, சங்கிலியின் ஐந்தாவது கண்ணியைக் கொக்கியில் போட்டு, அந்தப் பக்கமும் ஐந்துதானா என்று எண்ணிப் பார்த்து மெல்ல இறக்கினாய். மறுபடி அளந்தாய். முன்பக்கம் பழைய உயரத்துக்கு வந்திருந்தது. மூக்குப் பாரத்தையும் தராசில் பார்த்தாய், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு. இதற்கு மேல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் நீ கழற்றினாய். மறுபடி மாட்டினாய், மறுபடி அளந்தாய். நாலாவது முறை குனிந்தபோது டேப்பில் வந்த எண்ணை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தாய். முப்பத்துமூன்று வயது ஆண்பிள்ளை, கணக்கெல்லாம் சரியாக வந்த பிறகும். அப்புறம் நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், சக்கரத்தைப் பார்த்துக் கேட்டாய்.

"அப்பா, வெலிங்டன் வரைக்கும் நீங்க ஓட்டுறீங்களா? கப்பல்ல ஏத்திட்டா தெற்குத் தீவுல நான் எப்படியாச்சும் பாத்துக்கறேன்."

தெற்கே போகிற வழியிலுள்ள பாம்பே மலை இறக்கத்தில் உன்மேல் உனக்கே நம்பிக்கை இல்லை என்று, அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் முணுமுணுத்தாய். நான் உன் தோளில் தட்டி, "சரிடா, எனக்கென்ன" என்றேன். உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்த பிறகு நேற்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் எனக்கு ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. போன மாதம் கண் டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டதாம். இனிமேல் கார் ஓட்டாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார், காது கேட்காதவனுக்குச் சொல்வதுபோல. வீட்டில் வந்து, சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். நேருக்கு நேர் இருப்பது நன்றாகத் தெரிகிறது. பக்கவாட்டில் இருப்பதெல்லாம் பாலில் கரைத்ததுபோல் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அது பயங்கரமாகவும் இல்லை, ஒருவகை அழகாகக்கூட இருக்கிறது. காலையில் பூங்காவில் நடந்தால் மரங்கள் ஒவ்வொன்றாக வெண்மையிலிருந்து வந்து, கொஞ்ச நேரம் என் எதிரில் நின்றுவிட்டுப் போகின்றன. இனியா ஓடி வருவதே தெரிவதில்லை, திடீரென்று காற்றிலிருந்து முளைத்தவள்போல் என் மடியில் இருக்கிறாள். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டுதான் உன் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறேன் என்று உன்னிடம் ஒப்புக்கொண்டேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. உன் அப்பா அவ்வளவு பெரிய கோழை என்பதை முதலில் தெரிந்துகொள்.

உண்மை என்பது பதினோரு வருஷத்துக்கு முந்திய அந்த டவ்போ ஏரிப் பயணம். நான் ஆசை ஆசையாக வாங்கிய பழைய காரவன், நாலு நாள் விடுமுறை, நாமும் பாட்டனி டவுன்ஸ் மாமா குடும்பமும் சேர்ந்து எட்டுப் பேர். ஏரிக்கரையில் உட்கார்ந்து எட்டுப் பேருக்கும் சுடச்சுட இட்லி போட வேண்டும் என்பது அம்மாவின் கனவு. அதனால் வெட் கிரைண்டர் வந்தது, கல்லோடு. ஒரு மூட்டை அரிசி வந்தது. மசாலா தடவிய மட்டனும் மீனுமாக ஒரு பெரிய ஐஸ்பெட்டி வந்தது. ஊரே சேர்ந்து பஞ்சம் பிழைக்கப் போவதுபோல் ஏற்றினோம். உனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஹிட்ச்சோடு வந்த புத்தகத்தை வரிவரியாகப் படித்துவிட்டு, கனமான சாமான் மூன்றையும் காரவனின் நடுவில், சக்கரத்துக்கு நேர் மேலே தரையில் வைத்துக் கட்டினாய். பிறகு டேப்பை எடுத்து, நேற்றுச் செய்ததுபோலவே எல்லாம் செய்தாய். அன்றைக்கு ஒரே தடவைதான் மாட்டினாய். விசிலடித்துக்கொண்டே செய்தாய், அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

நீ குளிக்கப் போனாய். அம்மா பிள்ளையார் படத்தையும் சின்ன விளக்கையும் கொண்டுவந்து முன்பக்க அலமாரியில் வைத்தாள். திரும்பிப் பார்த்தால் நாலடி தள்ளி ஐஸ்பெட்டி. "ஏங்க, சாமி பக்கத்துல கவிச்சி இருக்கக் கூடாதுங்க, தள்ளி வைங்க" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான், அதில் தப்பு ஒன்றுமில்லை. நான்தான் கயிற்றை அவிழ்த்து ஐஸ்பெட்டியைக் காரவனின் கடைசிக்கு, பின்கட்டிலுக்குக் கீழே கொண்டுபோய்த் தள்ளினேன். தள்ளியதும் நடுவில் கிரைண்டரும் அரிசி மூட்டையும் கட்டில்லாமல் நின்றன. அவற்றையும் சேர்த்துப் பின்னாலேயே கொண்டுபோனேன். இறங்கிப் பார்த்தபோது மூக்கு லேசாகி, காரின் பின்பக்கம் கொஞ்சம் எழும்பியிருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன், கண்ணா. அப்போது என் கண் நன்றாகத்தான் இருந்தது.

உன்னிடம் சொன்னால் நீ மறுபடி டேப்பை எடுப்பாய், நேரமாகும், மாமா குடும்பம் தங்கள் காரில் காத்திருக்கும். அது வெளியே சொல்லிக்கொள்ள ஒரு காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. நேற்றுப் பிறந்த பையனிடம் போய், நீ வைத்ததை மாற்றிவிட்டேன், சரியா என்று நான் கேட்பதா என்று தோன்றியது. கடையில் ஹிட்ச் விற்கிறவன் நான், எனக்குத் தெரியாததா. அந்த நினைப்போடு, சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்க மட்டும் மறக்காமல், உன்னை ஓட்டுநர் இருக்கையில் ஏறச் சொன்னேன்.

அதன்பிறகு நடந்தது இன்றும் எனக்குக் கனவாகத்தான் வருகிறது. சற்றுமுன் இந்த மேசையில் தூங்கியபோதும் அதுதான் வந்தது. மலை ஏறும்வரை ஒன்றுமில்லை. இந்த ஊரிலும் ஒரு பாம்பே இருக்கிறதே என்று அம்மா எப்போதும்போல் சொல்லிச் சிரித்தாள். இறக்கம் ஆரம்பித்தது, பச்சை வயல்களுக்கு மேல் வெயிலும் மூட்டமும் கலந்து கிடந்தது. என் பக்கத்துக் கண்ணாடியில் காரவனின் வெள்ளைச் சுவர் மெதுவாக எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. பிறகு உன் பக்கத்துக் கண்ணாடியில். பிறகு மறுபடி என் பக்கம், இன்னும் கொஞ்சம் அதிகமாக. சத்தமே இல்லை. தூளி ஆடுவதுபோல் அவ்வளவு நிதானமாக ஆடியது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரின் வாலைப் பிடித்து இழுத்தது. நான் வேகமானியைப் பார்த்தேன். எண்பது. சட்டம் தொண்ணூறு வரை போக விடுகிறது, நீ எண்பதில்தான் போய்க்கொண்டிருந்தாய்.

நான் பிரேக்கைப் போடு, பிரேக்கைப் போடு என்று கத்தினேன். நீ போடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாய், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டாய், வேறு எதையும் செய்யாமல் இருந்தாய். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது அதுதான் என்று எனக்கு இப்போது தெரியும். பிரேக்கை மிதித்திருந்தால் காரும் சேர்ந்து உருண்டிருக்கும். நீ என் பேச்சைக் கேட்காததால்தான் இன்று நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காரவன் நடுத்தடுப்பில் மோதிச் சாய்ந்து காரை இழுத்து நிறுத்தியது. உனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் வலது தோள் கதவில் அடிபட்டு உடைந்தது. அவளைத் தவிர யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

போலீஸ்காரப் பெண் வந்து என்ன நடந்தது என்று கேட்டாள். நீ வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொன்னேன். பையன் வேகமாக வந்துவிட்டான் என்று, நல்ல தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். எண்பது என்பது உனக்கும் தெரியும். ஆனால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், அவர் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று உன் கண்ணை நீயே நம்பாமல் விட்டது உன் முகத்தில் தெரிந்தது. அப்புறம் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். ஆம்புலன்ஸில் படுத்திருந்த அம்மாவிடமும் கேட்டாய். நான் பக்கத்திலேயே நின்றேன்.

இரண்டு நாள் கழித்து, உடைந்த வண்டிகளை வைத்திருக்கும் இடத்துக்குச் சாமான் எடுக்க நான் தனியாகப் போனேன். கிரைண்டரின் கல் காரவனின் பின்சுவரைப் பிளந்துகொண்டு பாதி வெளியே நின்றிருந்தது. அதுவரைக்கும் ஒருவேளை காற்றாக இருக்கலாம், சாலையாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே நின்றபோது அந்தப் பேச்சும் முடிந்தது. அந்த ஹிட்ச்சை எவ்வளவு சரியாக மாட்டினாலும் வால் கனத்துப்போன காரவனை அது திருத்தாது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, வாங்க வந்தவர்களிடம் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கல்லை ஒரு போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவி, மறுபடி சமையலறையில் வைத்தேன். இன்றைக்கும் நம் வீட்டில் மாவு அதில்தான் அரைபடுகிறது. நீ வரும்போதெல்லாம் அம்மா உனக்குத் தோசை சுட்டுப் போடுவது அந்த மாவில்தான்.

அதன்பிறகு நீ எப்படி மாறினாய் என்பதை நான் தவணை முறையில் பார்த்தேன். காரை விற்றுவிட்டு ரயிலில் போக ஆரம்பித்தாய். ரயில் வசதிக்காகத்தான் ஏவன்டேலில் வாடகைக்கு வீடு பார்த்தேன் என்று எல்லாரிடமும் சொன்னாய். நித்யா வந்த பிறகு அவளுக்காக ஒரு கார் வாங்கினாய், கடைக்கும் பூங்காவுக்கும் மட்டும் ஓட்டினாய், வேகச் சாலையான மோட்டர்வேயில் ஏறவே மாட்டாய். நித்யாவுக்கு இடுப்புவலி வந்த அன்று காலையில் கார் உன் வாசலில் நின்றது. ஆனாலும் நீ எனக்குப் போன் செய்தாய். பிளாட் புஷ்ஷிலிருந்து நான் வந்து உங்களை ஏற்றிப் போனேன். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். என் பிள்ளைக்கு நான் இல்லாமல் முடியாது என்று நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை ஓட்டினேன். உன் கையை முறித்துவிட்டு, உனக்குச் சோறு ஊட்டுகிறேன் என்று பூரித்துப்போயிருக்கிறேன். இதை எழுதும்போது வெட்கத்தில் காது சுடுகிறது.

சாலையைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்கிறேன், கேட்டுக்கொள். வழியில் தினமும் காலையில் கிளம்புவதற்கு முன்னால், எதையாவது இடம் மாற்றினாயா என்று நித்யாவைக் கேள். அவளையும் உன்னை அப்படியே கேட்கச் சொல். தண்ணீர்த் தொட்டி நிரப்பினாலும், இனியாவின் பொம்மைப் பெட்டி பின்னால் போனாலும், டேப்பை எடு. நேரமாகிறதே என்று பார்க்காதே, யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். புதன்கிழமை மலை ஏறுவதற்கு முன்னால் டிரூரியில் ஒருமுறை நிறுத்திச் சங்கிலியைத் தொட்டுப் பார். இனியாவிடம் என்றைக்காவது நீ தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. முதல் நாள் சொல்லியிருந்தால் எனக்கு அது ஒரு வாக்கியம். இரண்டாம் நாள் அவமானமாக இருந்தது. ஒரு வருஷம் போன பிறகு, இனி எப்படிச் சொல்வது என்பதே சொல்லாமலிருக்கக் காரணம் ஆகிவிட்டது. உன் இருபதுகள் முழுவதையும் நான் அப்படித்தான் தின்றேன்.

நேற்று சாயங்காலம், நீங்கள் இனியாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ்பெட்டியில் ஆரம்பித்துக் கண் டாக்டர் வரைக்கும். அவள் அடுப்பை அணைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சாமி படத்துக்காக நான்தானே தள்ளச் சொன்னேன் என்று தன்மேல் போட்டுக்கொள்வாளோ என்றும் பயந்தேன், அதையும் செய்யவில்லை. இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பதினோரு வருஷமும் அந்தக் கையைத் தூக்கி அவளால் தலை வாரிக்கொள்ள முடிந்ததில்லை. அப்புறம் பேசினாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? தோள்வலி எனக்குப் பழகிடுச்சு. அன்னையிலேர்ந்து அவன் என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசினதில்ல. வர்றான், தட்டப் பாக்குறான், தரையப் பாக்குறான், போறான். என் பிள்ளை ஏன் என்னப் பாக்க மாட்டேங்கறான்னு நான் கும்பிடாத சாமியில்ல. அத எனக்குத் திருப்பிக் குடுங்க."

எனக்கு இது தெரியாது. பதினோரு வருஷம் ஒரே மேசையில் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டும் நான் கவனிக்கவில்லை. இதற்குக் கண் நோயைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே புதன்கிழமை நான் சாவியைத் தொட மாட்டேன். நீதான் ஓட்டப் போகிறாய். எண்பதில் போ, அன்று போனதுபோலவே போ, அன்று பிடித்ததுபோலவே ஸ்டியரிங்கைப் பிடி. என்மேல் கோபம் வந்தால் வரட்டும், மரியாதைக்காக அதை விழுங்காதே. வழியனுப்ப நான் வாசலில் நிற்க வேண்டுமா, உள்ளேயே இருக்க வேண்டுமா என்பதை நீ சொல்லியனுப்பு, அப்படியே செய்கிறேன். என்னைப் பார்க்காமலேகூட நீ போகலாம். ஆனால் காரில் ஏறுவதற்கு முன்னால் சமையலறைக்குப் போ. அம்மா அங்கே நிற்பாள். தரையைப் பார்க்காதே, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார். நீ அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை, கண்ணா. செய்தது நான்.

அப்பா